11க்கு 16 ஹால்ல எல் ஷேப் சோபா போடலாமா, லவுஞ்சர் எந்தப் பக்கம் வரணும்?

தம்பி, நீங்க அனுப்பின கேள்விக்கு தலைப்பா வச்சது எந்த கம்பெனி எல் ஷேப் சோபா நல்லாருக்கும்னு, ஆனா கீழ எழுதியிருக்கிற விவரத்த முழுசாப் படிச்சா கம்பெனி பேரு உங்களுக்கு இப்போதைக்கு தேவையே இல்ல. கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல முதல் மாடி வீடு, ஹால் 11 அடிக்கு 16 அடி, கிழக்கு பாத்த வாசல், பாண்டிச்சேரி ஷோரூம்ல பாத்த 10க்கு 7 சோபா உங்க வீட்டம்மாவுக்கு பிடிச்சுப்போச்சு, கடைக்காரர் எல்லோட சின்ன பக்கம் லெஃப்ட்டா ரைட்டான்னு கேட்டதுக்கு பதில் தெரியாம அட்வான்ஸ் கொடுக்காமலே திரும்பிட்டீங்க, கூட இருக்கிற அம்மாவுக்கு முட்டி வலி. ஆக நீங்க கேக்கிறது, இந்த ஹாலுக்கு எல் ஷேப் ஒத்துவருமா, வந்தா என்ன அளவு எந்தப் பக்கம், ரெடிமேடா இல்ல ஆள் வச்சு செய்யறதா, அவ்வளவுதான். முதல் ரெண்டுக்கும் அளவு இருக்கிறதால கிட்டத்தட்ட உறுதியாவே சொல்லிடலாம். மூணாவதுல என் சாய்வு இருக்கும், ஏன்னா நான் பாண்டிச்சேரி வில்லியனூர் பக்கம் சோபா வேலை செய்யறவன், புதுசா செய்யறத விட பழச பிரிச்சு மறுபடி ஃபோமும் துணியும் போடுற வேலைதான் எனக்கு அதிகம், அதனால எது எங்க எப்படி வீணாப்போகுதுன்னு உள்ள பாத்து தெரியும், ஆனா செய்யறவன் செஞ்சு வாங்குங்கன்னுதான சொல்லுவான், அத கழிச்சுட்டு படிங்க.

முதல்ல ஹால். நீங்க எழுதினபடி வாசல் கிழக்கு சுவர்ல, உள்ள நுழையறப்போ இடது ஓரமா இருக்கு, அதே ஓரமா நேரா நடந்தா கடைசில அடுப்படி. வலது பக்கம் 16 அடி நீள வடக்கு சுவர், அதோட கடைசில பெட்ரூம் கதவு. டிவி இடது சுவர்ல. கிழக்கு சுவர்ல வாசலுக்கு வலது பக்கம் ஜன்னல். அப்படின்னா வீட்ல எல்லாரும் நடக்கிற வழி டிவி பக்கமா வாசல்லேர்ந்து அடுப்படிக்கு ஒரு கோடு, அதுலேர்ந்து பெட்ரூமுக்கு ஒரு கிளை. இந்த ரெண்டு கோட்டையும் சோபா தொடக்கூடாது, எல் ஷேப் வாங்கறப்போ பாக்க வேண்டிய முதல் விஷயமே இதான், ஆனா பாதிப்பேரு இத பாக்காம சுவரோட நீளத்த மட்டும் டேப்பு வச்சு அளந்துட்டு வந்துடறாங்க. நடக்கிற வழிக்கு 3 அடி விடணும், ரொம்ப நெருக்கடின்னா இரண்டரை, அதுக்கு கீழ போனா குடம் தூக்கிட்டு போறவங்க இடிச்சுப்பாங்க. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவுல ஒண்ணே கால் அடியாவது வேணும், காப்பி டம்ளர் எட்டற தூரமும் அதான், கால் நுழையற தூரமும் அதான். உங்க 11 அடி அகலத்துல சோபா ஆழம் 3, டிவி யூனிட் ஒண்ணே கால், டீப்பாய் 2, இடைவெளி ஒண்ணே கால் போனா மிச்சம் மூணரை அடி. தாராளம். நீங்க நெனச்ச அளவுக்கு உங்க ஹால் சின்னதில்ல.

ஆனா அந்த 10க்கு 7 வேண்டாம். 10 அடி கூட பெட்ரூம் கதவுக்கு முன்னால இரண்டரை அடி விட்டு உக்காந்துடும், சிக்கல் அந்த 7ல தான். வாசல் நிலையோட சேத்து 4 அடி போனா கிழக்கு சுவர்ல மிச்சம் இருக்கிறதே 7 அடி, சோபா முனை வாசல் நிலைய தொட்டுக்கிட்டு நிக்கும், வர்றவங்க ஒவ்வொருத்தரும் செருப்ப கழட்டிட்டு முட்டிய அதுல இடிச்சுட்டுதான் உள்ள வரணும். 9 அடிக்கு ஐந்தரை அடி உங்களுக்கு சரியான அளவு. அந்த ஐந்தரை அடி கை, அதாவது எல்லோட சின்ன பக்கம், கிழக்கு சுவர ஒட்டி ஜன்னலுக்கு கீழ போகணும், 9 அடி கை வடக்கு சுவர ஒட்டி. மேற்கு முனைல அந்த சின்ன கைய வச்சீங்கன்னா பெட்ரூம் போற வழிய அதுவே மறிக்கும், ராத்திரி தூக்கத்துல தண்ணி குடிக்க எழுந்து வர்றவங்க பாடு சொல்ல வேணாம்.

இப்போ லெஃப்ட்டா ரைட்டா. இதுல நீங்க முழிச்சதுல தப்பே இல்ல, இந்தத் தொழில்லயே இது ஒரு தலைவலி. சில கடைல சோபாவுல உக்காந்தா எந்தக் கை பக்கம்னு சொல்லுவாங்க, சில கம்பெனில சோபாவுக்கு எதிர நின்னு பாத்தா எந்தக் கை பக்கம்னு எழுதியிருப்பாங்க, ரெண்டும் நேர் எதிர். உங்க வீட்டுக்கு வடக்கு சுவர்ல சாஞ்சு உக்காந்தா லவுஞ்சர், அதாவது கால் நீட்டிக்கிற அந்த சின்ன பக்கம், இடது கை பக்கம், அதையே எதிர நின்னு பாத்தா வலது கை பக்கம். அதனால வாயால லெஃப்ட் ரைட்டுன்னு சொல்லவே சொல்லாதீங்க. ஒரு தாள்ல ஹால வரைஞ்சு, வாசல் எங்க, டிவி எங்க, லவுஞ்சர் எங்கன்னு குறிச்சு, அத பில்லோட பின்னாடியே வரையச் சொல்லி கடைக்காரர் கையெழுத்து வாங்குங்க. மாத்தி வந்து இறங்கின சோபாவ திருப்பி எடுக்க எவனும் சந்தோஷமா வரமாட்டான்.

இன்னொரு விஷயம், எல் ஷேப்புன்னு சொல்றதுலயே ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு கார்னர் மாடல், ரெண்டு பக்கமும் முதுகு சாய்மானம் இருக்கும், நீங்க பாத்த 10க்கு 7 அநேகமா அதுவாத்தான் இருக்கும். இன்னொண்ணு லவுஞ்சர் மாடல், ஒரு பக்கம் மட்டும் சாய்மானம், ஒரு முனைல கால் நீட்டிக்கிற மாதிரி நீளமா வரும். கார்னர் மாடல்ல அந்த மூலை சீட்டு இருக்கே, அது பேருக்குத்தான் சீட்டு, ரெண்டு பக்கமும் ஆள் உக்காந்தா மூலைல இருக்கிறவரு காலை எங்க வைக்கறதுன்னே தெரியாது, கடைசில குஷனும் ரிமோட்டும்தான் அங்க உக்காந்திருக்கும். அதுவுமில்லாம சின்ன கைல உக்காந்தவங்களுக்கு டிவி பக்கவாட்டுல போயிடும், கழுத்த திருப்பியே பாக்கணும். லவுஞ்சர்ல எல்லாரும் டிவிய பாத்துதான் உக்காருவீங்க. முக்கியமா உங்க ஜன்னல் அங்க இருக்கு, சாய்மானம் இல்லாததால ஜன்னல் கதவ திறக்க மூட கை போகும். அதனால உங்களுக்கு லவுஞ்சர்தான். அஞ்சு பேர் உக்காரலாம்னு கடைல சொல்லுவாங்க, நிஜத்துல நாலு பேரு.

வாங்கறதுக்கு முன்னால சாக்பீஸ் எடுத்து தரைல 9க்கு ஐந்தரைய அப்படியே கோடு போடுங்க. கோடு மட்டும் போட்டா மனசு அத தாண்டி நடந்துடும், அதனால கோட்டுக்குள்ள பிளாஸ்டிக் சேர்கள அடுக்கி ரெண்டு மூணு நாள் விட்டுடுங்க. வீட்ல யாரு எங்க இடிச்சுக்கறாங்க, வேலைக்கு வர்ற அம்மா எங்க பெருக்க முடியாம நிக்கிறாங்க, எல்லாம் தானா தெரிஞ்சிடும். இதுக்கு மேல எந்த நிபுணரும் தேவையில்ல.

நம்ம ஊரு வீட்டுக்குன்னே ஒண்ணு யோசிக்கணும், வெளிநாட்டு வீடியோ பாத்து வாங்கறவங்க மறந்துடறது இதத்தான். நம்ம ஹால் வருஷத்துல சில நாள் காலியாகணும். வளைகாப்பு, நிச்சயதார்த்தம், திவசம், ஏதாவது துக்கம்னா கூட, ஜமுக்காளத்த விரிச்சு எல்லாரும் கீழ உக்கார்ற நாள் வரும். மூணு சீட்டர் ஒண்ணு, சிங்கிள் ரெண்டுன்னா தூக்கி பெட்ரூம்ல போட்டுடலாம். ஒரே உடம்பா செஞ்ச எல் ஷேப் எங்கயும் போகாது. அதனால பிரிச்சு மாட்டற மாதிரி, ரெண்டு பீஸா, அடில இரும்பு கொக்கி போட்டு இணைக்கிற மாதிரி கேளுங்க. உங்க அளவுக்கு மூணு சீட்டர் பீஸ் ஆறேகால் அடி, லவுஞ்சர் பீஸ் அகலம் ரெண்டே முக்கால் அடி, ரெண்டையும் ரெண்டு பேரு நகத்திடலாம். மாடிக்கு ஏத்தறதுக்கும் இதேதான் வழி. படிக்கட்டு அகலம் 3 அடின்னு எழுதியிருக்கீங்க, நடுவுல திரும்பற இடமும் இருக்கு, அங்க ஏழரை எட்டு அடி பீஸ திருப்பறது ரொம்ப கஷ்டம், ஆறேகால் அடிய நிமித்தி வச்சு திருப்பிடலாம், ஆனா கைப்பிடி கம்பியும் மேல சீலிங் உயரமும் எப்படின்னு நேர்ல பாக்காம நான் சத்தியம் பண்ண மாட்டேன். சோபாவோட ஆழம், உயரம் ரெண்டுல எது கம்மியோ அது வாசக்கதவு திறந்த அகலத்த விட ரெண்டு இன்ச்சாவது குறையா இருக்கணும். நிலைய அளக்காதீங்க, கதவு திறந்து நிக்கறப்போ மிச்சமிருக்கிற சந்த அளங்க.

அம்மா விஷயத்துக்கு வரேன். இப்போ ஓடற மாடல் எல்லாம் தாழ்வா, ஆழமா இருக்கு, சீட்டு உயரம் 15, 16 இன்ச், ஆழம் 24 வரைக்கும் போகுது. வயசுப் பசங்க சம்மணம் போட்டு உக்கார சொகம், முட்டி வலிக்காரங்களுக்கு அதுலேர்ந்து எழுந்திருக்கவே ஒரு ஆள் வேணும். அம்மாவுக்கு உயரம் 18 இன்ச், ஆழம் 20, பக்கத்துல கைய ஊன்றதுக்கு கெட்டியான ஆர்ம் ரெஸ்ட், இந்த மூணும் இருக்கணும். உயரத்த ஆள் உக்காந்து ஃபோம் அமுங்கின பிறகு அளக்கணும், சும்மா இருக்கறப்போ 18 காட்டி உக்காந்தா 16க்கு போறதும் உண்டு. லவுஞ்சர் பக்கம் கைப்பிடி இருக்காது, அதனால அம்மா சீட்டு எதிர் முனைல, பெட்ரூம் கதவுக்கு பக்கத்துல வர்றது. உங்க அமைப்புல அது தானாவே நல்லா அமைஞ்சிருக்கு. என் யோசனை கேட்டா, சோபாவ உங்க இஷ்டப்படி வாங்கிட்டு அம்மாவுக்கு மரக் கை வச்ச ஒரு சிங்கிள் சேர் தனியா போட்டுடுங்க. ஒரே சோபால வீட்டோட எல்லா வயசையும் உக்கார வைக்க பாத்தா யாருக்குமே சரியா இருக்காது. அம்மாவ கடைக்கு கூட்டிட்டு போயி கால் மணி நேரம் உக்கார வைங்க, வெக்கப்பட்டுக்கிட்டு நல்லாருக்குப்பான்னு சொல்லுவாங்க, அத நம்பாதீங்க, எழுந்திருக்கறப்போ கை எங்க போகுதுன்னு பாருங்க.

உள்ள என்ன இருக்குங்கறதுதான் பெரிய கதை. வெளிய பாக்கற துணிக்குத்தான் எல்லாரும் பேரம் பேசுறாங்க, சோபாவோட ஆயுச முடிவு பண்றது ஃப்ரேமும் ஃபோமும். ஃப்ரேம்ல மரத்தூளையும் நாரையும் பசை போட்டு அழுத்தின பார்ட்டிக்கிள் போர்டும் எம்டிஎஃப்பும் கடலூர் பாண்டிச்சேரிக்கு ஆகவே ஆகாது, இத நான் சந்தேகமில்லாம சொல்லுவேன். ஐப்பசி கார்த்திகை ஈரத்துலயே ஸ்டேப்ளர் பின்னோட பிடிப்பு விட ஆரம்பிக்கும், தண்ணி பட்டா நனைஞ்ச ரொட்டியா உப்பிடும், அப்புறம் காஞ்சாலும் பழைய நிலைக்கு வராது. மரம்னா சால், வேம்பு, நம்ம பண்ருட்டி பக்கத்து பலா, எதுவா இருந்தாலும் நல்லா காஞ்சதா இருக்கணும், பச்சை மரத்துல அடிச்ச ஃப்ரேம் ஒரு கோடை தாண்டினதும் கிறீச் கிறீச்னு பேச ஆரம்பிக்கும். ரப்பர் மரம் மோசமில்ல, ஆனா மருந்து ஏத்தாத ரப்பர் மரத்த பூச்சி துளைச்சிடும், கீழ மாவு மாவா கொட்டறது அதான். ப்ளைவுட் ஃப்ரேம்னா ஈரத்த மட்டும் ஓரளவு தாங்கற சாதா எம்ஆர் வேண்டாம், ஐஎஸ் 303ங்கற இந்திய தர முத்திரைல கொதிதண்ணி தாங்கற பிடபிள்யூஆர் கிரேடாவது இருக்கணும், கடலுக்கு ரொம்ப பக்கம்னா ஐஎஸ் 710, அதாவது மரைன் ப்ளைவுட் போட்டா இன்னும் நல்லது. ஷோரூம்ல இத எப்படி பாக்கறது? சோபாவ கொஞ்சம் சாய்ச்சு அடித் துணில ஒரு ஓரத்த தூக்கி காட்டச் சொல்லுங்க. முன் கால் ஒண்ண அரை அடி தூக்கிப் பாருங்க, பக்கத்து முன் காலும் உடனே கூடவே எழும்பினா ஃப்ரேம் கெட்டி, அது தரையிலயே இருந்து உடம்பு முறுக்கினா வேற கடை பாருங்க.

ஃபோம்ல 32 டென்சிட்டி, 40 டென்சிட்டின்னு சொல்லுவாங்க. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோங்கற கணக்கு அது, அவ்வளவுதான். மெத்துன்னு இருக்கா கெட்டியா இருக்காங்கறது வேற விஷயம், டென்சிட்டி அதிகமா இருந்து மெத்துன்னும் இருக்கலாம். சீட்டுக்கு 40, முதுகுக்கு 28லேர்ந்து 32 போதும், தினம் உக்கார்ற வீட்ல சீட்டுக்கு 32க்கு கீழ ஒத்துக்காதீங்க. சொன்னதத்தான் போட்டிருக்காங்களான்னு பாக்க ஒரு வழி இருக்கு, ஜிப்ப திறந்து ஃபோம வெளிய எடுத்து தராசுல போடுங்க. 24 இன்ச்சுக்கு 24 இன்ச், 5 இன்ச் கனம்னா 32 டென்சிட்டி சுமார் ஒன்றரை கிலோ வரும், 40ன்னா சுமார் 1.9 கிலோ. ஒரு கிலோ சொச்சம் காட்டினா 24, 25 டென்சிட்டிய உள்ள தள்ளியிருக்காங்கன்னு அர்த்தம். ஆனா எடை சரியா வந்தா எல்லாம் சரின்னும் முடிவு கட்டிடாதீங்க, சுண்ணாம்புத் தூள் கலந்து எடை ஏத்தின ஃபோமும் மார்க்கெட்ல இருக்கு, கசக்கினா பொடி உதிரும், அமுக்கி விட்டா மெதுவா சோம்பேறித்தனமா எழும்பும். அப்புறம் 80, 100 டென்சிட்டின்னு பெருமையா சொல்றது ரீபாண்டட், துண்டு ஃபோம பசை போட்டு அழுத்தினது, கலர் கலரா தெரியும். அடில ஒரு இன்ச் போடலாம், முழுசா அதுவே போட்டா திண்ணைல உக்கார்றதே மேல். மேல ரெக்ரான்ங்கற பாலியஸ்டர் பஞ்சு போட்டா பாக்க புஸ்ஸுன்னு அழகா இருக்கும், ஆறே மாசத்துல அமுங்கும், தட்டி தட்டி விடணும், அது குறைபாடு இல்ல, அதோட குணம்.

துணிக்கு வரேன், இங்கதான் உறுதியா சொல்ல முடியாதது அதிகம். ரெக்சின், லெதரெட், பியூ லெதர்னு பல பேர்ல வர்றதுல, பியூ, அதாவது பாலியூரிதேன் பூச்சு போட்டது நம்ம கடலோர ஈரத்துலயும் வெக்கையிலயும் சில வருஷத்துல செதில் செதிலா உரியுது, காத்துல இருக்கிற ஈரமே அந்த பூச்ச உடைக்குது, இது நிச்சயம். எத்தனை வருஷத்துல உரியும்னு மட்டும் யாரும் சொல்ல முடியாது, ஒரு வீட்ல ரெண்டு, ஒரு வீட்ல ஆறு. பிவிசி ரெக்சின் அப்படி உரியாது, ஆனா போகப்போக விறைச்சு வெடிக்கும், சித்திரைல வெறும் முதுகோட சாஞ்சா ஒட்டிக்கும். எங்கிட்ட கேட்டா நெருக்கமா நெய்த பாலியஸ்டர் துணி, எவ்வளவு உரசல் தாங்கும்னு காட்ட கேட்லாக்ல மார்ட்டின்டேல்னு ஒரு எண் போட்டிருக்கும், அது 20,000க்கு மேல இருந்தா வீட்டு உபயோகத்துக்கு போதும். உங்களுக்கு லவுஞ்சர் கிழக்கு ஜன்னலுக்கு கீழ வருது பாருங்க, காலை வெயில் நேரா விழும், வடகிழக்கு பருவமழைல சாரலும் அதே ஜன்னல் வழியாத்தான் அடிக்கும். அதனால கருநீலம், மெரூன் வேண்டாம், அந்தப் பக்கம் மட்டும் வெளுத்து சோபா ரெண்டு கலரா தெரியும். மணல் கலர், சாம்பல் இந்த மாதிரி போங்க, லவுஞ்சர் மேல் உறை ஜிப் போட்டு கழட்டி காயப்போடற மாதிரி இருக்கட்டும். வாட்டர் ப்ரூஃப் துணின்னு சொல்றதுல பெரும்பாலும் டீ கொட்டினா உடனே துடைச்சிடலாம்ங்கற அளவுக்குத்தான் உண்மை, தையல் வழியா தண்ணி இறங்கத்தான் செய்யும்.

உப்புக் காத்துக்காக ரெண்டு வார்த்தை. தேவனாம்பட்டினம், உப்பளம் பக்கம் இருக்கிறவங்க இரும்பு மெக்கானிசம் வச்ச சோபா கம் பெட், ரிக்ளைனர் இதெல்லாம் ஒண்ணுக்கு ரெண்டு தடவ யோசிங்க, இழுக்கிற ரெயில் துரு பிடிச்சு நடுவுல நிக்கும். லவுஞ்சருக்கு அடில ஸ்டோரேஜ் பெட்டி வேணும்னு உங்க வீட்ல கேப்பாங்க, கொடுங்க, ஆனா போர்வை தலகாணிய போட்டு மூடி வச்சா மழைக்காலத்துல பூஞ்சை வாடை வரும், அடில காத்து போற துளை போடச் சொல்லுங்க.

நீங்க மாடிங்கறதால வெள்ளத்துக்கு பயமில்ல, ஆனா இத படிக்கிற தரைதள வீட்டுக்காரங்களுக்காக சொல்றேன். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்கப்புறம் பாண்டிச்சேரில தண்ணி நின்னுச்சு, தொடர்ந்து தென்பெண்ணை பெருக்கெடுத்து கடலூர்ல தண்ணி புகுந்துச்சு. தரையோட ஒட்டி உக்கார்ற பாக்ஸ் மாடல்தான் அதுல முதல்ல போகும். ஆறு இன்ச் கால் வச்ச மாடல் ஓரளவு தண்ணிக்கு தப்பிக்கும், முட்டி அளவு வந்தா எதுவும் தப்பாது. சாக்கடைத் தண்ணி ஏறின ஃபோம காயவச்சு மறுபடி போடச் சொல்லி கேக்காதீங்க, ஃப்ரேம் நல்ல மரமா இருந்தா அத மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்த தூக்கிப் போடறதுதான் சரி.

இப்போ கடைசி கேள்வி, ரெடிமேடா, இல்ல ஆள் வச்சு செய்யறதா. பாண்டிச்சேரில வரி கம்மின்னு இன்னும் நிறைய பேரு கடலூர்லேர்ந்து வராங்க, 2017 ஜூலைலேர்ந்து ஜிஎஸ்டி ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், அதுக்காக வராதீங்க, கடை நிறைய இருக்கு, உக்காந்து பாக்கலாம், அதுக்கு வாங்க. ஷோரூம்ல நல்ல விஷயம் உக்காந்து பாத்தத வாங்கறீங்க. கெட்ட விஷயம் அளவு அவங்க வச்சதுதான், உங்களுக்கு 9க்கு ஐந்தரை வேணும்னா கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வாரண்டி பத்து வருஷம்னு போட்டிருந்தா எதுக்குன்னு படிங்க, பல இடத்துல ஃப்ரேமுக்கு மட்டும்தான் பத்து, ஃபோமுக்கும் துணிக்கும் ஒரு வருஷமோ அதுவும் இல்லையோ. ஆள் வச்சு செஞ்சா அளவு, சீட்டு உயரம், துணி எல்லாம் உங்க இஷ்டம், ஆனா ஆள் நம்பிக்கையா இல்லாட்டி சோபா பொங்கலுக்கு வரும்னு சொல்லி சித்திரைல வரும். அப்படி செய்யறதா இருந்தா ஒரே ஒரு நிபந்தனை போடுங்க, ஃப்ரேம் அடிச்சு முடிச்சதும் துணி மூடறதுக்கு முன்னால நான் வந்து பாப்பேன், பாத்த பிறகுதான் அடுத்த தவணைப் பணம்னு. ஒழுங்கா செய்யறவன் வாங்க சார்னு சொல்லுவான். சுத்தி வளைக்கிறவன்கிட்ட போகாதீங்க. செய்யறப்போ அதே ரோல்லேர்ந்து ஒரு மீட்டர் துணி கூட வாங்கி வச்சுக்குங்க, ரெண்டு வருஷம் கழிச்சு பூனை கீறினாலோ இஸ்திரிப் பெட்டி பட்டாலோ அதே ஷேடு துணி கடைல தேடினாலும் கிடைக்காது.

வாசக்கதவு உள்பக்கம் திறக்குதா, திறந்தா எந்தப் பக்கம் போயி நிக்குதுன்னு நீங்க எழுதல. இடது சுவர் பக்கம் போனா மேல சொன்ன அளவு அப்படியே இருக்கட்டும், ஜன்னல் பக்கம் திறந்தா லவுஞ்சர 5 அடியா குறைச்சிடுங்க.